பீரங்கி யார் வீட்டுச் சொல்? – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, 'பீறிடும் அங்கி' என்பதுதான் 'பீரங்கி' ஆனது, தூய தமிழ்ச் சொல் என்று வாட்ஸப்பில் வந்தது. சரிதானா?

பதில்: கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நிற்காது. பீறுவதற்கு வல்லின ற, பீரங்கிக்கு இடையின ர. அதோடு, தூய தமிழ் என்று சொல்லிவிட்டு, நெருப்பைக் குறிக்கும் 'அங்கி'க்காக வடமொழி அக்கினியிடம் கையேந்துவது தனி வேடிக்கை.

பீரங்கியின் வேர் 'பிராங்க்'. அது பழைய ஜெர்மானிய இனம் ஒன்றின் பெயர். பிரான்ஸ் நாட்டின் பெயரும் அவர்களால் வந்ததுதான். சிலுவைப் போர்க் காலத்தில் மேற்கு ஐரோப்பியர் எல்லோரையுமே அரபியர் 'இஃப்ரஞ்ச்' என்றார்கள். பாரசீகத்தில் அது 'ஃபரங்' ஆயிற்று. அங்கிருந்து வந்தவன் 'ஃபரங்கி', 'ஃபிரங்கி'. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுப் பக்கம் வந்து இறங்கியதும் இந்தப் பெயர் போர்ச்சுகீசியர் மேல் ஒட்டிக்கொண்டது. தமிழில் ஆள் 'பறங்கி' ஆனான், ஆயுதம் 'பீரங்கி' ஆனது. தெலுங்கிலும் கன்னடத்திலும் இன்றும் பீரங்கிக்கு 'ஃபிரங்கி' என்றுதான் பெயர்.

கேள்வி: ஆளின் பெயர் ஆயுதத்துக்கு வந்தது என்பதற்கு ஆதாரம் உண்டா சார்? ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்துச் சொல்கிறீர்களோ?

பதில்: நல்ல சந்தேகம். 1526 பானிபட் போரை விவரிக்கும்போது பாபர் தன் நினைவுக் குறிப்புகளில், தன் பீரங்கிப் படைத் தலைவர் உஸ்தாத் அலி குலி 'ஃபிரங்கி'களால் சுட்டதாக எழுதுகிறார். சுட்டவர் ஐரோப்பியர் அல்ல. ஆக, அதற்குள்ளேயே அது ஆயுதத்தின் பெயராகிவிட்டது.

இதைவிடச் சுவையான சாட்சி சீனாவில் இருக்கிறது. மிங் அரசில் போர்ச்சுகீசியருக்கு 'ஃபோலாங்ஜி' என்று பெயர். அவர்கள் கப்பலில் வந்த பீரங்கிக்கும் அதே பெயர். அதுவும் ஒரு குறிப்பிட்ட வகைப் பீரங்கி. வாய் வழியாக வெடிமருந்து கிட்டிக்கும் வேலை இல்லை. பின்பக்கம் திறந்திருக்கும். கைப்பிடி வைத்த இரும்புக் குடுவைகளில் மருந்தையும் குண்டையும் முன்கூட்டியே நிரப்பி வைத்துக்கொள்வார்கள். ஒன்றைப் பள்ளத்தில் பொருத்தி, ஆப்பு அடித்து, திரியில் நெருப்பு வைப்பார்கள். வெடித்ததும் அதை எடுத்துவிட்டு அடுத்த குடுவை. சேர்மானம் இறுக்கமாக இராது, புகையும் நெருப்பும் கசியும், வீச்சும் குறையும். ஆனாலும் சடசடவென்று சுடலாம். சீனர்கள் விடுவார்களா? பிடித்த பீரங்கிகளைப் பார்த்துத் தாங்களே வார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

நம் பக்கத்தில் மராட்டியர், ஐரோப்பிய அலகு பூட்டிய நேர்வாளையே 'ஃபிரங்கி' என்றார்கள். அதற்கும் மருந்துக்கும் சம்பந்தமே இல்லை.

கேள்வி: அப்படியானால் பரங்கிப்பேட்டை, பரங்கிமலை, திருப்பரங்குன்றம் எல்லாமே பறங்கியர் பெயரா?

பதில்: முதல் இரண்டும் ஆமாம். திருப்பரங்குன்றத்தை இதில் சேர்க்காதீர்கள். பரங்குன்றம் சங்கப் பாடல்களிலேயே வருகிறது. பரங்கிமலையைப் பற்றி இன்னொன்று: பிற்காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் பீரங்கிப் படைக்கு அதுதான் தலைமையிடம். பீரங்கி இருந்ததால் பரங்கிமலை என்று சிலர் சொல்வது இதனால்தான். பெயர் அதற்கு முந்தியது.

கேள்வி: பறங்கிக்காய்?

பதில்: அதே பறங்கிதான். அமெரிக்கக் கண்டத்துக் காய், பறங்கியர் காலத்தில் வந்தது. தாய்லாந்தில் வெள்ளைக்காரருக்கும் கொய்யாப்பழத்துக்கும் 'ஃபராங்' என்று ஒரே பெயர்.

கேள்வி: அண்ணை, நாங்கள் யாழ்ப்பாணத்தில துவக்கு எண்டுதான் சொல்லுறது. அது துப்பாக்கியில இருந்து திரிஞ்சதோ?

பதில்: திரிந்தது என்று சொல்ல வேண்டாம், இரண்டும் உடன்பிறப்புகள். துருக்கியின் 'துஃபெக்', இந்துஸ்தானியின் 'துபக்' ஆகியவற்றின் குடும்பம். உங்கள் பக்கத்துச் சிங்களத்திலும் 'துவக்குவ'தான். துருக்கிச் சொல்லின் பழைய வடிவத்தை 11ஆம் நூற்றாண்டிலேயே மஹ்மூத் காஷ்கரி தன் அகராதியில் எழுதி வைத்திருக்கிறார். அப்போது வெடிமருந்துத் துப்பாக்கி ஏது? குருவி அடிக்க, உள்ளே உருண்டை போட்டு வாயால் ஊதும் மரக்குழாயைத்தான் அது குறித்தது. எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடம் இது.

கேள்வி: குண்டு, தோட்டா?

பதில்: குண்டு நம்முடையது. தோட்டா இந்துஸ்தானி வழி வந்தது.

கேள்வி: பீரங்கி என்பதை விலக்கிவிட்டு நல்ல தமிழ்ச் சொல் ஒன்றைப் புழங்கலாமே ஐயா?

பதில்: புது ஆயுதங்களுக்கு அதை அழகாகச் செய்திருக்கிறோம். கணை என்றால் அம்பு. அதிலிருந்து ஏவுகணை, எறிகணை இரண்டும் பிறந்தன, யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பீரங்கியை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கட்சி; அது நம் ஊரிலேயே ஊன்றிவிட்ட சொல். தஞ்சாவூர் கீழ அலங்கத்தில் நாயக்கர் காலத்துப் பீரங்கி ஒன்று கிடக்கிறது. ஏறக்குறைய 7.5 மீட்டர் நீளம், 22 டன் எடை என்கிறார்கள். வார்த்தது அல்ல, நீள நீளமான இரும்புப் பட்டைகளைக் குழலாக அடுக்கி, மேலே இரும்பு வளையங்களை வரிசையாக ஏற்றி, காய்ச்சி அடித்து ஒட்டியது. கிட்டே போனால் வளையங்கள் சேரும் இடம் கண்ணுக்கே தெரியும். பார்க்கப் போகிறவர்கள் 'பீரங்கி மேடு' என்று கேளுங்கள், வழி காட்டுவார்கள்.