கிரிஸ் பிடியில் இருப்பது பேய் முகமா?

கேள்வி: இந்தோனேசியாவில், ஜாவாத் தீவின் யோக்யகர்த்தாவில் ஒரு பழைய கிரிஸ் (அந்த ஊர்க் குத்துவாள்) வாங்கினேன். மரப்பிடி வழவழவென்று இருக்கிறது. வளைவின் உள்பக்கம் மட்டும் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு சின்னச் செதுக்கல்கள். பேய் முகம், வீட்டில் வைக்காதே என்கிறார் அம்மா. இடுக்கில் அழுக்கு வேறு. என்ன செய்யலாம்?

பதில்: தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அம்மா சொன்னதைச் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். அந்தச் செதுக்கல்களுக்கு ஜாவாவில் 'பத்ரா' என்று பெயர். வில்வபத்திரம் என்கிறோமே, அதே வடசொல்தான், இலை. உற்றுப் பார்த்தால் இலைச்சுருளுக்குள் கண்ணும் மூக்கும் தட்டுப்படும். பாலியில் இன்றும் பிடி முழுக்க ராட்சசனோ தேவனோ பீமனோ இருப்பதுண்டு. ஜாவாவில் அந்த உருவம் கரைந்து இலையாகிவிட்டது. உருவம் செதுக்குவதை விரும்பாத இஸ்லாம் வந்ததால்தான் என்பது வழக்கமான விளக்கம். எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை. சுமத்ராவின் 'ஜாவா டெமாம்' பிடியைப் பாருங்கள்: குளிர்காய்ச்சல் கண்டவன்போல் கையைக் கட்டிக் குறுகி நிற்கும் உருவம், அதுவும் முஸ்லிம்கள் செருகிய கத்தியில்!

உங்களிடம் இருப்பது 'நுங்கக் செமி' வகை. வெட்டுண்ட அடிமரம் மறுபடி துளிர்ப்பது என்று பொருள். தகப்பனிடமிருந்து மகனுக்குப் போகிற ஆயுதத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. பேயைவிடத் துளிரைத்தான் நான் நம்புவேன். அம்மாவிடமும் அப்படியே சொல்லுங்கள். மதுரா தீவுப் பிடியாக இருந்தால் சிறகு முளைத்த குதிரையைத் தேடியிருப்போம். அது அத்தீவின் சுமெனெப் அரசவையின் சின்னமாக இருந்தது.

ஒன்று கவனியுங்கள். பிடி கழற்றி மாற்றக்கூடியது. அதை வைத்துக் கத்தி அலகின் வயதையோ ஊரையோ முடிவு செய்யாதீர்கள். கடைக்காரர் அப்படிச் சொல்லியிருந்தால் அவர் பேச்சில் பாதியைத் தள்ளிவிடுங்கள்.

அழுக்கை மென்மையான உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்தால் போதும். உப்புத்தாள், வார்னிஷ் வேண்டவே வேண்டாம். பத்ராவின் கூர்மை மழுங்கினால் திரும்ப வராது. அலகைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எலுமிச்சைச் சாற்றில் பாஷாணம் கலந்து அதற்குப் பூசுவது அங்கே மரபு. பிடியைக் கழற்ற முறுக்கவும் வேண்டாம். அலகின் மெல்லிய வால் துணி சுற்றி உள்ளே இறுக்கப்பட்டிருக்கும். துருப்பிடித்திருந்தால் பட்டென்று ஒடிந்துவிடும்.