கேளுங்க சொல்றேன்: சைலன்சர் நீளத்தை குறைக்கலாமா?

கேள்வி: அண்ணா, என் பைக்ல கம்பெனில வந்த ஸ்டாக் சைலன்சரை கழட்டிட்டு வெளில தனியா விக்கிற ஆஃப்டர்மார்க்கெட் ஒண்ணு போட்டிருக்கேன். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ரவுண்ட் டைப், பாடி மட்டும் 400 மிமீ நீளம். சத்தம்லாம் புடிச்சிருக்கு, ஆனா பின் சக்கரத்தையே மறைச்சிக்கிட்டு நீட்டிக்கிட்டு நிக்குது, பாக்கவே சகிக்கல. 100 மிமீ எடுத்துட்டா கச்சிதமா இருக்கும்னு தோணுது. நானே வெட்டலாமா, சத்தம் ரொம்ப ஏறிடுமா?

பதில்: வெட்டலாம் தம்பி, ஆனா அதுக்கு முன்னாடி உள்ள என்ன இருக்குன்னு பாருங்க. சைலன்சரை கழட்டி ஒரு பக்கம் டார்ச் அடிச்சு மறுபக்கம் கண்ண வைங்க. நேரா வெளிச்சம் தெரிஞ்சு, சுத்தி ஓட்டை ஓட்டையா ஒரு பைப் தெரிஞ்சா அது பஞ்சு (சத்தத்தை உறிஞ்சற கண்ணாடி நார்) வச்ச ஸ்ட்ரெய்ட் த்ரூ டைப், அதை தாராளமா குட்டையாக்கலாம். வெளிச்சம் வரலன்னா உள்ள தடுப்பு தடுப்பா அறை இருக்கு, அதுல கை வைக்காதீங்க, ஏன்னு அடுத்த கேள்வில சொல்றேன். டிபி கில்லர், அதாவது சத்தம் குறைக்க வாய்ல சொருகற சின்ன குழாய், போட்டிருந்தா அதை கழட்டிட்டு பாக்கணும், இல்லன்னா ஏமாந்துடுவீங்க.

ரெண்டாவது விஷயம், கிரைண்டரை எடுக்கறதுக்கு முன்னாடி கருப்பு டேப்பை எடுங்க. வெட்டணும்னு நெனைக்கிற அந்த 100 மிமீய பின்னாடி ஓரத்துல இருந்து டேப் சுத்தி மறைச்சிட்டு, வண்டிய நிமிர்த்தி நிறுத்தி ஒரு அஞ்சு மீட்டர் தள்ளி நின்னு சைடுல போட்டோ எடுத்து பாருங்க, மறுநாளும் பாருங்க. பல வண்டில அசிங்கமா தெரியறது நீளத்தால இல்ல, சைலன்சர் நிக்கிற கோணத்தால, சீட்டுக்கு கீழ போற கோட்டோட ஒத்துப்போகாம கீழ தொங்குறதால. பிராக்கெட்டை ஒரு 20 மிமீ ஏத்தி மாட்டினாலே கண்ணுக்கு வேற வண்டி மாதிரி தெரியும், வெட்டவே தேவப்படாது. நான் முதல் தடவ செஞ்சப்ப இதெல்லாம் பாக்காம ஒரே வெட்டா 150 மிமீ எடுத்துட்டேன், புகை வெளிய வர்ற வாய் போய் சரியா பின்னாடி உக்கார்றவங்க காலுக்கு கீழ நின்னுச்சு, அந்த சைலன்சரை அப்புறம் மாட்டவே முடியல. எடுத்ததை திரும்ப ஒட்ட முடியாது, அதனால 100 வேணும்னா முதல்ல 60 எடுங்க, மாட்டி பாத்துட்டு மிச்சத்தை முடிவு பண்ணுங்க.

இப்ப சத்தம். குட்டையாக்கினா கனமா தம்தம்னு வரும்னு நெறய பேர் நம்பறாங்க, அப்படி வராது. ஒத்த சிலிண்டர் 4 ஸ்ட்ரோக் இன்ஜின் 3000 ஆர்பிஎம்ல (நிமிஷத்துக்கு 3000 சுத்து) ஓடும்போது வினாடிக்கு 25 தடவ வெடிக்குது, 6000ல 50 தடவ. சூடான புகைக்குள்ள சத்தம் வினாடிக்கு சுமார் 500 மீட்டர் வேகத்துல போகுது, கணக்கு போட்டா அந்த 50 ஹெர்ட்ஸ் அலையோட நீளமே 10 மீட்டர் கிட்ட வருது. ஒரு இன்ச் கனத்துக்கு சுத்தின பஞ்சால அந்த அலைய பெருசா ஒண்ணும் பண்ண முடியாது, பாடி 400 இருந்தாலும் சரி 300 இருந்தாலும் சரி. பஞ்சு புடிச்சு வைக்கிறது அதுக்கு மேல இருக்கிற கரகரப்பையும் கீச்சையும்தான், நீங்க நீளத்தை குறைச்சா வெளிய வர்றதும் அதுதான். பஞ்சு சத்தத்தை எத்தன டெசிபல் குறைக்குதுங்கறது தோராயமா நீளத்துக்கு தகுந்த மாதிரி போகும், அதாவது 400 மிமீ பாடி ஒரு குறிப்பிட்ட சத்தத்தை 20 டெசிபல் குறைச்சா 300 மிமீ 15 தான் குறைக்கும். 5 டெசிபல்தானேன்னு விட்டுடாதீங்க, 3 டெசிபல் ஏறினாலே சத்தத்தோட சக்தி ரெண்டு மடங்கு. அது போதாதுன்னு பைப்போட வாயும் முன்ன இருந்ததை விட 10 செமீ உங்க காது பக்கமா வந்துடுது.

வேலைக்கு வருவோம். பின்னாடி மூடிய சுத்தி இருக்கிற ரிவெட் தலைய மட்டும் டிரில் போட்டு எடுங்க, ரிவெட் 4.8 மிமீ இருந்தா பிட்டும் கிட்டத்தட்ட அதே சைஸ். ஸ்டெயின்லெஸ்ல டிரில்லை மெதுவா ஓட்டி, நல்லா அழுத்தி, ஆயில் விட்டு போடணும், வேகமா சுத்த விட்டா அந்த இடம் கெட்டியாகி பிட்டுதான் மழுங்கும். மூடி எந்த பக்கம் பாத்து இருந்துச்சுன்னு மார்க்கர்ல கோடு போட்டுட்டு ரப்பர் சுத்தியலால தட்டி கழட்டுங்க. பஞ்சை வெளிய எடுக்கும்போது முழுக்கை சட்டை, கிளவுஸ், மாஸ்க் கட்டாயம், கண்ணாடி நார் தோல்ல குத்தினா ரெண்டு நாளைக்கு அரிக்கும், மூச்சுல போனா இன்னும் மோசம்.

கோடு நேரா வரணும்னா ஒரு நீள பேப்பரை பாடிய சுத்தி ஓரம் ஓரத்தோட சேர்ற மாதிரி ஒட்டுங்க, இல்லன்னா பெரிய ஹோஸ் கிளாம்ப் மாட்டி அதையே கைடா வச்சுக்கங்க. 1 மிமீ கட்டிங் வீல் போதும். இரும்பு வெட்டின பழைய வீலை ஸ்டெயின்லெஸ்ல போடாதீங்க, அந்த இரும்புத் துகள் ஒட்டிக்கிட்டு பின்னாடி துருப்புள்ளியா வந்து நிக்கும். வெளிப் பாடில எவ்ளோ எடுத்தீங்களோ உள்ள ஓட்டை பைப்லயும் அதே அளவு எடுக்கணும். பைப் மூடில போய் சொருகிக்கிற இடத்தை வெல்டு வச்சு இறுக்கிடாதீங்க, 300 மிமீ ஸ்டெயின்லெஸ் பைப் 400 டிகிரி சூடேறினா 2 மிமீ நீளும், அந்த நீட்சிக்கு இடம் இல்லன்னா எங்கயாவது விரிசல் விடும்.

ரிவெட் ஓட்டைக்கு ஒரு நல்ல வழி இருக்கு. வெட்டி எடுத்த பழைய துண்டை தூக்கி போடாதீங்க, அது மேல பேப்பர் சுத்தி ஓட்டைங்கள பென்சில்ல தேச்சு எடுத்து, அப்படியே புது ஓரத்துல ஒட்டி மார்க் பண்ணுங்க, மூடியோட ஓட்டையும் இதுவும் முடி இழை பிசகாம ஒத்து வரும். ரிவெட் ஸ்டெயின்லெஸ்தான் வாங்கணும், அலுமினியம் சூட்டுல சீக்கிரம் லூசாகிடும். பஞ்சு வைக்கும்போது பைப்பை ஒட்டி முதல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வூல் ஒரு சுத்து, அதுக்கு மேல கிளாஸ் வூல் மேட், மூடி நெருடாம உள்ள போற அளவுக்குத்தான், கல்லு மாதிரி திணிச்சா சத்தம் குறையாது, ஏறும். மாட்டி ஸ்டார்ட் பண்ணதும் கொஞ்ச நேரம் புகை வரும், பஞ்சுல இருக்கிற பசையும் கட்டின டேப்பும் எரியறதுதான், பயப்படாதீங்க.

கேள்வி: சார், என்னோடது அறை வச்ச சைலன்சர். மெக்கானிக் சொல்றாரு, பின்னாடி பாதிய வெட்டிட்டு ஒரு தகடு வச்சு நடுவுல ஓட்டை போட்டு ஆர்கான் வெல்டிங் பண்ணிடலாம், வெளிய பாத்தா தெரியவே தெரியாதுன்னு. பண்ணலாமா?

பதில்: வேண்டாம். அவர் வெல்டிங் அழகா பண்ணுவாரா இருக்கும், பிரச்சன அது இல்ல. அறை வச்ச சைலன்சர்ல புகை நேரா போறதில்ல, முதல் அறைக்கு போய், ஒரு குழாய் வழியா பின் அறைக்கு தாவி, அங்கிருந்து திரும்பி நடு அறைக்கு வந்து அப்புறம்தான் வெளிய போகும். ஒவ்வொரு அறையோட அளவும் குழாயோட நீளமும் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை அடக்கறதுக்குன்னு வச்சது. பஞ்சால புடிக்க முடியாதுன்னு மேல சொன்னேனே அந்த அடித்தொண்டை சத்தம், அதை அடக்கறதே இந்த அறைங்கதான். பாதிய வெட்டினா கடைசி அறையும் திரும்புற பாதையும் போச்சு, மிச்சம் இருக்கறது ஒரு டப்பா. சத்தம் கொஞ்சம் ஏறுறது இல்ல, குணமே மாறிடும், நடுவுல எந்த ஆர்பிஎம்ல பிக்கப் தொங்கும்னு வெட்டி ஓட்டி பாத்தாதான் தெரியும். சில சைலன்சர்ல உள்ள தேன்கூடு மாதிரி, புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டரும் இருக்கும், அதுல வீல் பட்டா அதுவும் காலி. குட்டையா வேணும்னா குட்டையாவே செஞ்ச சைலன்சரை வாங்கி மாட்டுங்க, இதை துணி சுத்தி பத்திரமா வைங்க, வண்டி விக்கும்போது கேப்பாங்க.

கேள்வி: எந்த பக்கம் வெட்டணும், இன்ஜின்ல இருந்து வர்ற பெண்ட் பைப் பக்கமா வாய் பக்கமா? என்னோடது கூம்பு மாதிரி பின்னாடி போகப்போக பெருசாகுது.

பதில்: முழு நீளத்துக்கும் ஒரே விட்டமா இருந்தா வாய் பக்கம், அங்கதான் பெரும்பாலும் ரிவெட்டு, முன் பக்கம் வெல்டிங்கா இருக்கும். கூம்புல எந்த பக்கம் வெட்டினாலும் வட்டம் மாறிடும், பழைய மூடி உக்காராது. புது மூடி கடைஞ்சு தர ஆள் இருந்தா ஒழிய கூம்பை விட்டுடுங்க. ஓவல் பாடிலயும் இதே கதைதான், ஓரம் முழுக்க ஒரே அளவான்னு காலிப்பர் வச்சு பாத்துட்டு தொடுங்க. கார்பன் ஃபைபர் பாடின்னா வெட்டுற இடத்துல இறுக்கமா டேப் சுத்தி, தண்ணி தெளிச்சிக்கிட்டே மெல்லிசு பல்லு பிளேடுல கையாலயே அறுங்க, அந்த தூசி நுரையீரலுக்கு ஆகவே ஆகாது.

கேள்வி: வணக்கம். என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு சைலன்சரை குட்டையாக்கிட்டார். பின்னாடி உக்காந்தா வலது காலுக்கு அனல் அடிக்குது, சிக்னல்ல நின்னா புகை நாத்தம் முகத்துக்கே வருது. சொன்னா நான் சும்மா சொல்றேங்கறார். நீங்க சொல்லுங்க.

பதில்: நீங்க சொல்றது முழுக்க உண்மை சகோதரி, உங்க வீட்டுக்காரர் இதை படிக்கட்டும். நீளமான சைலன்சர் புகைய உங்க காலை தாண்டி கொண்டுபோய் விடும், குட்டையானது உங்க பாதத்துக்கிட்டயே விடுது. நிக்கும்போது மட்டும் இல்ல, ஓடும்போதும் வண்டிக்கு பின்னாடி காத்தழுத்தம் குறைஞ்சு ஒரு சுழல் இருக்கும், வாய் அதுக்குள்ள மாட்டினா புகை பின்னாடி போகாம முன்னாடி இழுத்துக்கிட்டு வரும். அதுல இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, நாத்தம் தெரியுதுன்னா அதுவும் கூடவே வருதுன்னு அர்த்தம். தலைவலி வந்தா சாதாரணமா எடுத்துக்காதீங்க.

சார், நீங்க செய்ய வேண்டியது இது. மூடி ரிவெட்டு டைப்னா வெளிப் பக்கமா, லேசா கீழ திரும்பின வாய் உள்ள மூடி மாத்துங்க, ஃபுட்ரெஸ்ட் பக்கத்துல ஹீட் ஷீல்டு போடுங்க. ஓட்டும்போது அவங்கள கேளுங்க, அப்பவும் நாத்தம் வந்தா பழைய நீளத்துக்கே புது பாடியும் புது உள் பைப்பும் போட்டுதான் ஆகணும், மூடிங்க ரெண்டும் அதேதான் இருக்கு, பெரிய வேலை இல்ல. அதுவரைக்கும் தயவுசெஞ்சு அவங்கள பின்னாடி உக்கார வச்சு தூரம் போகாதீங்க. நம்பர் பிளேட்டும் சைடு பேக்கும் உருகுதான்னு அப்படியே பாத்துடுங்க.

கேள்வி: வெட்டினதுல இருந்து ஆக்சிலேட்டரை விட்டா பட் பட்னு வெடிக்குது. கார்புரேட்டர் டியூனிங் பண்ணணுமா?

பதில்: முதல்ல லீக் பாருங்க, டியூனிங் அப்புறம். ஆக்சிலேட்டரை மூடும்போது எரியாத பெட்ரோல் கொஞ்சம் பைப்புக்குள்ள போகும், ஜாயிண்ட்ல சந்து இருந்தா வெளிக்காத்து உள்ள இழுத்து, சூட்டுல அங்கயே பத்திக்கும், அதுதான் அந்த பட் பட். இன்ஜின் ஆறி இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, கிளவுஸ் கையால கனமான துணி வச்சு வாயை ஒரு ரெண்டு வினாடி பாதி அடைங்க, ஜாயிண்ட்ல உஸ்ஸுன்னு சத்தம் கேக்கும், கரி படிஞ்சும் இருக்கும். கழட்டி மாட்டினப்ப பழைய கேஸ்கெட்டையே திரும்ப போட்டிருப்பீங்க, புதுசு போடுங்க. லீக்கே இல்லன்னா அப்ப மிக்ஸர் (பெட்ரோலும் காத்தும் சேர்ந்த கலவை) கொஞ்சம் லீனா, அதாவது பெட்ரோல் கம்மியா இருக்கான்னு பாக்கலாம்.

கேள்வி: 2 ஸ்ட்ரோக் வண்டி வச்சிருக்கேன், இதே மாதிரி குறைக்கலாமா?

பதில்: நடுவுல வயிறு பெருத்த சேம்பர் இருக்கே, அதுல ஒரு மில்லிமீட்டர் கூட தொடாதீங்க. அதோட பின் கூம்புல பட்டு திரும்பற அழுத்த அலைதான் வெளிய ஓடப் பாக்கற புது மிக்ஸரை திரும்ப சிலிண்டருக்குள்ள தள்ளுது, நீளம் மாறினா பவர் வர்ற ஆர்பிஎம்மே மாறிடும். சேம்பருக்கு பின்னாடி வர்ற மெல்லிசு பைப்பையும் விடுங்க, உள்ள எவ்ளோ அழுத்தம் நிக்கணும்னு அதோட விட்டமும் நீளமும்தான் தீர்மானிக்குது. கடைசில தனியா மாட்டியிருக்கிற பஞ்சு சைலன்சரை மட்டும், அதுவும் கொஞ்சமா குறைக்கலாம்.

கேள்வி: என் சைலன்சர்ல வட்டத்துக்குள்ள 'E' எழுத்து போட்ட ஒப்புதல் முத்திரை இருக்கு, வெட்டினாலும் முத்திரை அப்படியே இருக்குமே, செக்கிங்ல பிரச்சன வராதுல்ல?

பதில்: அந்த முத்திரை தகட்டுக்கு குடுத்தது இல்ல தம்பி, அந்த நீளத்துல அந்த டிபி கில்லரோட சோதிச்ச முழு சைலன்சருக்கு குடுத்தது. பைக்குக்கு மாத்தி போடற சைலன்சருக்குன்னு ஐ.நா. ஐரோப்பிய பொருளாதார ஆணையத்தோட 92ஆம் எண் விதி இருக்கு, அதுல சோதிச்ச அமைப்பை மாத்தின உடனே ஒப்புதல் செல்லாது. நிறுத்தி வச்சு சத்தம் அளக்கும்போது மைக்கை வாயில இருந்து 50 செமீ தள்ளி 45 டிகிரி கோணத்துல வைப்பாங்க, அவ்ளோ கிட்ட வச்சா நீங்க 100 மிமீ எடுத்தது சத்தம் அளக்கற மீட்டர்ல தெரிஞ்சிடும். டிபி கில்லரையாவது கழட்டாம வைங்க, வெட்டினதுக்கு அப்புறம் அது உள்ள சொருகும்போது ஓட்டை பைப்பை முக்கால்வாசி மறைச்சிடாம இருக்கான்னும் பாருங்க, மறைச்சா பஞ்சு இருந்தும் புண்ணியம் இல்ல.