கம்ப்யூட்டரை மாற்றும் முன் திறப்பைப் பாருங்கள்

கேள்வி: ஜப்பானில் இருந்து வந்த பழைய கார் வைத்திருக்கிறேன். ஒரு மாதமாக ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியும் என்ஜின் பிடிப்பதில்லை, இரண்டு மூன்று தடவை திறப்பைக் கழற்றிப் போட்டால் பிடிக்கும். நேற்றிலிருந்து அதுவும் இல்லை, சிவப்பு லைட் மின்னிக்கொண்டே இருக்கிறது. கராஜில் என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் போய்விட்டது என்கிறார்கள். உடைந்த திறப்புக்குப் போன மாதம்தான் புதுக் கவர் போட்டேன், ரிமோட் ஒழுங்காக வேலை செய்கிறது. மாற்றட்டுமா?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: தயவுசெய்து இப்போதைக்கு மாற்றாதீர்கள். நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் சொன்ன கவர் விஷயத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

ரிமோட் வேலை செய்வதை வைத்து திறப்பு சரி என்று நினைக்க வேண்டாம். ரிமோட் கதவுக்கு, அதற்குச் சின்ன பற்றரி இருக்கிறது. சரியான திறப்பு இல்லாமல் என்ஜினை ஓட விடாத திருட்டுத் தடுப்புக்கு, அதாவது இம்மொபிலைசருக்கு, திறப்புக்குள் வேறாக ஒரு குட்டி சிப் உண்டு, அதற்குப் பற்றரியே கிடையாது. திறப்பு போடும் துவாரத்தைச் சுற்றியுள்ள வளையம் போன்ற கொயில்தான் அதற்குச் சக்தி கொடுத்து அதன் இலக்கத்தைப் படிக்கிறது. இலக்கம் பொருந்தாவிட்டால் கம்ப்யூட்டர் என்ஜினை ஓட விடாது. கவர் மாற்றும்போது இந்தச் சிப் பழைய கவரிலேயே தங்கிவிடுவதும், புதியதில் சரியாக உட்காராமல் ஆடுவதும் நடக்கிறது. ஆடினால் உங்களுக்கு நடந்ததுபோலத்தான், ஒரு நேரம் பிடிக்கும், ஒரு நேரம் பிடிக்காது.

அந்த லைட்டையும் கவனியுங்கள். திறப்பு வெளியே இருக்கும்போது மின்னினால் பெரும்பாலும் பிழையில்லை. ஆனால் திறப்பை ஆன் வரை திருப்பிய பிறகும் நிற்காமல் மின்னினால் வண்டி உங்கள் திறப்பை அடையாளம் காணவில்லை என்று அர்த்தம்.

சரி, செய்ய வேண்டியது இதுதான். கொத்தில் இருந்து இந்தத் திறப்பைத் தனியாகக் கழற்றுங்கள், பக்கத்தில் இருக்கும் வேறு வண்டித் திறப்பின் சிப்பும் குழப்பும். வீட்டில் இரண்டாவது திறப்பு இருந்தால் போட்டுப் பாருங்கள், அதில் ஸ்டார்ட் ஆனால் விஷயம் முடிந்தது. இல்லையென்றால் பழைய கவரைத் தேடி எடுத்து (எறிந்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்) சிப்பின் இடத்தை ஒப்பிடுங்கள். அப்புறமும் பிடிக்காவிட்டால் ஸ்கேனர் போட்டு இம்மொபிலைசர் பிழைக் குறியீடு (கோட்) வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், கொயிலின் வயரையும் பிளக்கையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

கம்ப்யூட்டரையே மாற்றச் சொன்னாலும் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பழையது ஒன்றை வாங்கிப் பூட்டினால் மட்டும் பெரும்பாலும் ஓடாது. அதற்கு உங்கள் திறப்பைத் தெரியாது, மறுபடி பதிய வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக் கேளுங்கள்.