விளையாடினால் உயரம் நின்றுவிடுமா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. பாடசாலை வலைப்பந்தாட்ட அணியில் இருக்கிறாள். இரண்டு மாதமாக முழங்காலுக்குக் கீழே நோகிறது என்கிறாள்; தடவிப் பார்த்தால் சிறிய புடைப்பு ஒன்று தட்டுப்படுகிறது. வளரும் பிள்ளை பாய்ந்து விளையாடினால் உயரம் நின்றுவிடும் என்று அவளுடைய அம்மம்மா மறிக்கிறார். நிறுத்திவிடுவதா?
– ஒரு தாய், களுவாஞ்சிகுடி

பதில்: விளையாட்டினால் உயரம் நிற்பதில்லை. பரம்பரையும் உணவும் உறக்கமும் பொதுவான உடல்நலமுமே உயரத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. ஆனாலும் அம்மம்மாவின் பயத்தை அடியோடு தள்ளிவிட வேண்டியதில்லை. வளரும் எலும்பின் முனைகளில் இன்னும் முற்றாத குருத்தெலும்புப் பகுதி இருப்பது உண்மையே. தொடையின் முன்தசை முழங்காற் சில்லைக் கடந்து கணைக்கால் எலும்பின் மேற்பகுதியில் பற்றியிருக்கிறது. வலைப்பந்தில் பந்தைப் பிடித்தவர் தொடர்ந்து ஓட முடியாது, விழுந்த காலிலேயே நின்றாக வேண்டும் என்பதால், ஒவ்வொரு பிடியிலும் அந்த இடம் வெடுக்கென்று இழுபடுகிறது. நீங்கள் சொல்வது பெரும்பாலும் மருத்துவர்கள் ஒஸ்குட் - ஷ்லாட்டர் என்று அழைக்கும் இந்த நோவாகவே இருக்கலாம். வளர்ச்சி முடியும் தறுவாயில் இது பொதுவாகத் தானே அடங்கிவிடும். சில வாரங்களுக்குப் பாய்ச்சலையும் ஓட்டத்தையும் குறைத்து, விளையாடி வந்ததும் துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் போதும். நொண்டி நடந்தாலோ, மூட்டே வீங்கினாலோ, இரவில் நோவினால் விழித்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.

எலும்பு வலுவைச் சேர்த்து வைக்கும் வயது இதுதான். பூப்பெய்தியதும் பெண்பிள்ளைகளை மைதானத்திலிருந்து மறிக்கும் நம் வழக்கத்தினால் இழக்கப்படுவது அந்த வலுவே.

கேள்வி: 10 வயதில் என் மகன் 100 மீற்றரில் வலய மட்டம் வரை போய்விட்டான். உதைபந்தாட்டத்தை விட்டுவிட்டு, வாரத்தில் ஏழு நாளும் காலையும் மாலையும் ஓட்டம் மட்டும் பழகினால்தான் தேசிய மட்டத்துக்குப் போகலாம் என்கிறார்கள். உண்மையா?
– ஒரு தந்தை, கல்முனை

பதில்: உண்மையல்ல, மிகப் பரவலான தவறான எண்ணங்களில் இதுவும் ஒன்று. பெரும்பாலான விளையாட்டுகளில் ஒன்றை மட்டும் பற்றிக்கொள்வதைப் 15, 16 வயது வரை தள்ளிப்போடுமாறும், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் முழு ஓய்வு கொடுக்குமாறும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016 இல் பரிந்துரைத்தது. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் உடலில் ஒரே இடம் அடிபடுகிறது, சலிப்பும் சேர்ந்துகொள்கிறது. உதைபந்தாட்டத்தில் திரும்பவும் நிற்கவும் பக்கவாட்டில் பாயவும் பழகும் கால், ஓட்டத்துக்கு எதிரியல்ல.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வயதுப் பிரிவில் ஓடும்போது, ஏறத்தாழ ஒரு வருட வளர்ச்சி வித்தியாசம் கோட்டிலேயே நிற்கிறது. பருவமடைதல் முந்திப் பிந்தி வருவதால் அந்த இடைவெளி இன்னும் விரியும். மாரி ஓய்ந்த பின் நடந்த ஓர் இல்ல விளையாட்டுப் போட்டியில் 14 வயதுக்குட்பட்டோர் ஓட்டத்துக்கு முடிவுக் கோட்டில் நின்றிருந்தேன். முதலாவதாக வந்தவனுக்கு மீசை அரும்பியிருந்தது. ஆறாவதாக வந்தவனுக்கு நெஞ்சில் குத்திய இலக்கத் துணி இடுப்பு வரை தொங்கியது. மீசைக்காரனைத் திறமைசாலி என்றார்கள். மற்றவன் அடுத்த ஆண்டு பெயரே கொடுக்கவில்லை. உங்கள் மகன் இன்று முந்துவது திறமையாலா, முந்திய வளர்ச்சியாலா என்பது 10 வயதில் யாருக்கும் தெரியாது. ஆகவே உதைபந்து இருக்கட்டும்.

கேள்வி: பயிற்சியின் நடுவே தண்ணீர் குடித்தால் வயிற்றில் பிடிக்கும் என்று பயிற்றுநர் தடுப்பது சரியா?
– மாணவர் ஒருவரின் அண்ணன், ஆரையம்பதி

பதில்: சரியல்ல. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் நம் மைதானங்களில் அது ஆபத்தும்கூட. ஒரே மூச்சில் முழுப் போத்தலையும் குடித்தால் வயிறு கனக்கும்தான். பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை நாலைந்து மிடறு குடித்தால் ஒன்றும் ஆகாது. தலைச்சுற்று, குமட்டல், பேச்சுத் தடுமாற்றம் தெரிந்தால் பிள்ளையை நிழலுக்குக் கொண்டுபோய் உடலில் தண்ணீர் ஊற்றிக் குளிரச் செய்யுங்கள். பேச்சோ நினைவோ தடுமாறினால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். பயிற்றுநரிடம் இதைத் தனியே போய்ச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு முன்னால் வேண்டாம்.