மால்டாவில் கிறிஸ்துமஸ்: அம்மாவுக்குத் தனி விசா வேண்டுமா?

கேள்வி: ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். தூத்துக்குடியிலிருந்து அம்மா (67 வயது) மூன்று மாத ஜெர்மன் விசாவில் வந்திருக்கிறார். டிசம்பர் 23 முதல் 27 வரை அவரை மால்டாவுக்கு அழைத்துச் செல்ல நினைக்கிறேன். நள்ளிரவுத் திருப்பலி பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. மால்டா வேறு நாடு என்பதால் தனி விசா எடுக்க 220 யூரோ, திருப்பலியில் இருக்கை முன்பதிவுக்கு ஆளுக்கு 45 யூரோ, கோசோ தீவில் உள்ள ‘பெத்லகேம் கிராமம்’ பார்க்க ஆளுக்கு 120 யூரோ என்று ஏஜெண்ட் கேட்கிறார். 100 யூரோ முன்பணம் கொடுத்துவிட்டேன். இதெல்லாம் நியாயமா? அம்மாவுக்கு முழங்கால் வலியும் உண்டு.

பதில்: தனி விசா வேண்டாம். 2007 டிசம்பர் 21-ஆம் தேதியே மால்டா ஷெங்கன் பகுதியில், அதாவது ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டில், சேர்ந்துவிட்டது. உங்கள் அம்மாவின் கடவுச்சீட்டில் ஒட்டியிருக்கும் விசாவே அங்கும் செல்லும். அந்த ஸ்டிக்கரில் மேல் வரியைப் பாருங்கள். ‘ஷெங்கன் நாடுகள்’ என்ற பொருளில் ஜெர்மன் மொழியில் அச்சாகியிருந்தால் விஷயம் முடிந்தது. இந்த ஒரு வரியை விண்ணப்பதாரருக்குப் புரியும் மொழியில் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தால் பாதி ஏஜெண்டுகளுக்குப் பிழைப்பு போய்விடும். எந்தத் தூதரகமும் அதைச் செய்வதில்லை. தொலைபேசியில் கேட்டால் இணையதளத்தைப் பார் என்பார்கள். இணையதளம் நாற்பது பக்கப் படிவத்தைக் காட்டும். அந்த இருட்டில்தான் 220 யூரோ வசூலாகிறது. இல்லாத விசாவுக்கு ‘கட்டணம்’ வாங்கிக்கொண்டு, ஹோட்டல் முன்பதிவுத் தாளில் ஒரு ரப்பர் முத்திரை குத்தி நீட்டியவரை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரே ஒரு இடத்தில் கால் இடறும். அதை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். விசாவில் எத்தனை முறை நுழையலாம் என்று ஓர் எண் இருக்கும். ‘01’ என்று இருந்தால் உங்கள் அம்மா ஜெர்மனியில் வந்து இறங்கியபோதே அந்த ஒரு முறை செலவாகிவிட்டது. ஆனால் ஜெர்மனியிலிருந்து நேராக மால்டாவுக்குப் பறந்தால் ஷெங்கன் பகுதியை விட்டு அவர் வெளியேறவே இல்லை. வீட்டுக்குள் ஓர் அறையிலிருந்து மறு அறைக்குப் போகிறார், அவ்வளவுதான். ரோம், வியன்னா வழியாகப் போனாலும் இதே கதைதான். ஆனால் டிசம்பர் கடைசியில் டிக்கெட் விலை ஏறும்போது, இஸ்தான்புல் வழியாகவோ லண்டன் வழியாகவோ எண்பது யூரோ குறைவாக ஒரு டிக்கெட் கண்ணில் படும். அங்கே விமான நிலையத்தைவிட்டு வெளியே வரப்போவதில்லையே, விமானம்தானே மாறுகிறோம் என்று நினைப்பீர்கள். ஆனால் ஜெர்மனியில் ஏறும்போதே வெளியேறியதாகப் பதிவாகிவிடும். மால்டாவில் இறங்குவது இரண்டாவது நுழைவு. அம்மாவிடம் இருந்தது ஒன்றுதான். பெரும்பாலும் மால்டா வரை போகவே விடமாட்டார்கள். இஸ்தான்புல்லிலேயே விமானத்தில் ஏற்ற மறுத்துவிடுவார்கள். திரும்பும் பயணத்துக்கும் இதே கணக்குதான். டப்ளினை மறக்காதீர்கள்: அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, ஷெங்கனில் இல்லை. ஓர் அப்பா இப்படித்தான் நடுவழியில் நின்றார்; மகன் மிச்சம் பிடித்தது அறுபது யூரோ. பிராங்க்பர்ட்டிலிருந்தும் மியூனிக்கிலிருந்தும் நேரடி விமானங்கள் உள்ளன, மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதில் போங்கள். அசல் கடவுச்சீட்டு அம்மாவின் கைப்பையிலேயே இருக்கட்டும். கைபேசியில் எடுத்த படம் போதாது.

அடுத்து, இருக்கை முன்பதிவு. திருப்பலிக்கு டிக்கெட் கிடையாது. தலைநகர் வாலெட்டாவில் உள்ள புனித யோவான் இணைப் பேராலயத்தில் கரவாஜோ 1608-இல் வரைந்த பெரிய ஓவியத்தைப் பார்க்கக் கட்டணம் உண்டு; அது சுற்றிப் பார்ப்பதற்கு. வழிபாட்டுக்கு வருபவரிடம் யாரும் காசு கேட்பதில்லை. உங்கள் ஏஜெண்ட் இந்த இரண்டையும் வேண்டுமென்றே குழப்புகிறார்.

எனக்குக் கேட்டால் பேராலயமே வேண்டாம். தங்கும் இடத்துக்கு அருகிலுள்ள ஊர்க்கோயிலுக்குப் போங்கள். ஒரு மணி நேரம் முன்னால் போனால் அம்மாவுக்கு முன்வரிசையில் இடம் கிடைக்கும். அங்கே நீங்கள் பார்க்க வேண்டியது ஒரு சிறுவனை, அல்லது சிறுமியை. கிறிஸ்துமஸ் இரவில் குருவானவருக்குப் பதிலாக ஒரு குழந்தை பிரசங்கம் செய்யும் வழக்கம் மால்டாவில் உண்டு. 1883-இல் லூகா என்ற ஊரில் தொடங்கியது என்பார்கள். ஏழு முதல் பத்து வயதுப் பிள்ளை, வாரக்கணக்கில் மனப்பாடம் செய்ததைக் கையை விரித்து, குரலை ஏற்றி இறக்கிச் சொல்லும். நான் பார்த்த ஆண்டு, நடுவில் ஒரு வரி மறந்துபோய் அந்தப் பையன் மேற்கூரையைப் பார்த்தான். மூன்றாவது வரிசையில் அவனுடைய அம்மாவின் உதடுகள் அசைந்தன. கோயில் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டது. வரி நினைவுக்கு வந்ததும் பக்கத்தில் இருந்த பாட்டி என் கையைத் தட்டிச் சிரித்தார். பேசியது மால்டிய மொழியில். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை, புரியவும் தேவையிருக்கவில்லை. ஆங்கிலத்தில் திருப்பலி வேண்டுமென்றால் வெளிநாட்டினர் தங்கும் ஊர்களில் கிடைக்கும், ஆனால் இந்தப் பிள்ளைப் பிரசங்கத்தை விட்டுவிடாதீர்கள்.

அன்று மாலையே, திருப்பலிக்கு வெகுநேரம் முன்பு, தெருவில் குழந்தை இயேசுவின் சொரூபத்தை ஏந்தி விளக்குகளோடு பாடிக்கொண்டு சிறுவர்கள் ஊர்வலம் வருவார்கள். புனிதர் பட்டம் பெற்ற மால்டிய குருவான ஜார்ஜ் பிரேக்கா 1907-இல் தொடங்கிய மறைக்கல்விச் சபை 1921 முதல் நடத்திவரும் ஊர்வலம் இது. முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏற்றது: வாசலில் நின்றால் அதுவே நம்மைக் கடந்து போகும்.

வீடுகளையும் கவனியுங்கள். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் விளக்கு வைத்துக் குழந்தை இயேசுவைப் படுக்க வைத்திருப்பார்கள். சில வாசல்களில் ‘பிரெசெப்யு’ என்று எழுதியிருக்கும். குடில் என்று பொருள், உள்ளே வந்து பாருங்கள் என்று அழைப்பு. தயங்காமல் போகலாம், உண்டியல் இருந்தால் இரண்டு காசு போடலாம். குடிலைச் சுற்றி வெள்ளை வெளேரென்று தாடி போல ஏதோ தொங்கும். அருகில் போய்ப் பாருங்கள். தட்டில் பஞ்சு பரப்பி, அதன்மேல் ஒருவகைப் பயற்றம் விதையைத் தூவி, வெளிச்சம் படாத அலமாரிக்குள் சில வாரம் வைத்து வளர்த்தது. வெயில் காணாததால் பச்சை ஏறவில்லை. ஜுல்பீனா என்று பெயர். உங்கள் அம்மாவுக்கு விளக்கமே தேவைப்படாது, ‘அட, முளைப்பாரி!’ என்பார். நம் ஊரில் அம்மனுக்கு, அங்கே குழந்தை இயேசுவுக்கு.

கோசோவுக்கு 120 யூரோ என்பது பகல் கொள்ளை. பெத்லகேம் கிராமம் என்பது ஐன்சீலெம் என்ற ஊர் வயல்வெளியில் அமைக்கும் பெரிய உயிருள்ள குடில். ஊர்க்காரர்களே இடையராகவும் தச்சராகவும் வேடமிட்டு நிற்பார்கள், கழுதையும் ஆடும் நிஜம். எந்தெந்த நாள், எத்தனை மணிக்குத் திறப்பு என்பதை ஊர் நிர்வாகம் ஆண்டுதோறும் அறிவிக்கும். அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மால்டாவின் பெரிய தீவிலுள்ள சிர்கெவா துறையிலிருந்து கார் ஏற்றும் பெரிய கப்பலில் இருபத்தைந்து நிமிடம்தான். போகும்போது டிக்கெட்டே கேட்கமாட்டார்கள், கோசோவிலிருந்து திரும்பும்போது இரு வழிக்கும் சேர்த்து வாங்குவார்கள், அதுவும் ஐந்து யூரோவைத் தொடாது. முன்பதிவு என்ற பேச்சே கிடையாது. ‘கப்பலில் இடம் பிடித்துத் தருகிறேன்’ என்பவரை நம்பாதீர்கள். வாலெட்டாவிலிருந்து நேராகப் போகும் விரைவுப் படகு வேறு, அதற்குப் போகவும் வரவும் தனித்தனி டிக்கெட். காற்று அடித்தால் முதலில் நிற்பதும் அதுதான். புனித பவுலின் கப்பலை இந்தத் தீவில் கொண்டுவந்து மோதியதும் வடகிழக்குக் காற்றுதான் என்று அம்மாவே சொல்வார்.

கோசோவில் இறங்கும் துறையிலிருந்து ஐன்சீலெம் வரை செங்குத்தான மேடு. நடக்க வேண்டாம், பஸ்ஸிலோ வாடகைக் காரிலோ ஏறுங்கள். மழை பெய்திருந்தால் வயல் சேறாக இருக்கும். பிடிப்பான ஷூ அவசியம். வாலெட்டாவில் பல தெருக்கள் படிக்கட்டுகளே. கடற்கரையிலிருந்து மேல் பராக்கா தோட்டத்துக்கு 58 மீட்டர் உயர லிஃப்ட் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று, எரிச்சலோடுதான் சொல்கிறேன். அரசு தொல்பொருள் அமைப்பின் கீழுள்ள அருங்காட்சியகங்கள், பழங்காலக் கற்கோயில்கள் எல்லாம் டிசம்பர் 24, 25, 31, ஜனவரி 1 ஆகிய நாட்களில் மூடிவிடும். ஆள் வரும் நாளாகப் பார்த்துப் பூட்டுகிறார்கள்! ஆகவே 23 அல்லது 26-இல் அவற்றை முடித்துக்கொள்ளுங்கள். 25 அன்று மதியச் சாப்பாட்டுக்கு இப்போதே மேசை சொல்லி வையுங்கள், இல்லையென்றால் பிஸ்கட்தான்.

பகலில் 17 டிகிரி இருக்கும், ஸ்டுட்கார்ட்டிலிருந்து போகும் உங்களுக்கு அது வசந்தம். ஏமாந்துவிடாதீர்கள். கல் வீடுகள், பலவற்றில் சூடேற்றி கிடையாது. ஈரக் குளிர் இரவில் முழங்காலில்தான் உட்காரும். அறை எடுக்கும்போது கடல் தெரியுமா என்று கேட்காமல் ஹீட்டர் உண்டா என்று கேளுங்கள். திருப்பலி முடிந்து வெளியே வரும்போது இம்புல்யூத்தா கிடைத்தால் வாங்கிக் கொடுங்கள்: உலர்ந்த செஸ்ட்நட் கொட்டையை ஊறவைத்து, கோகோ, ஆரஞ்சுத் தோல், கிராம்பு போட்டுக் காய்ச்சிய சூடான பானம். சர்க்கரை அதிகம். நீரிழிவு இருந்தால் அரைக் கோப்பையோடு நிறுத்திக்கொள்ளட்டும்.

முன்பணம் பற்றி: வாயால் கேட்காதீர்கள். ‘மால்டா விசாவுக்கு எந்த அலுவலகத்தில், எந்தத் தேதியில் விண்ணப்பிக்கப் போகிறீர்கள், கட்டண ரசீது யார் பெயரில் வரும்?’ என்று மின்னஞ்சலில் எழுதி, மூன்று நாள் கெடு கொடுங்கள். எழுத்தில் பதில் வராது. அதற்குள் கடவுச்சீட்டை மட்டும் எந்தக் காரணம் சொன்னாலும் அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தாயிற்று என்றால் முதலில் அதை வாங்குங்கள், 100 யூரோவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.