ஒதி ஏன் மழைக்கு முன்னரே துளிர்க்கிறது?

உலர்வலய மரங்களின் இலைகள் பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களைச் சேர்ந்த உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடை எழுதுகிறேன். நெடுங்காலம் உயர்தர மாணவருக்குத் தாவரவியல் படிப்பித்தவன் என்பதால், எனது கலைச்சொற்களும் நம் பாடநூல்களில் உள்ளவையே. பலர் கேட்ட ஒரே கேள்வியை ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி (ஆயித்தியமலை): வறண்ட காட்டு மரங்கள் கோடையில் இலை உதிர்க்கும் என்று படித்திருக்கிறேன். உன்னிச்சைக் குளத்துக்கு அப்பாலுள்ள காடு ஆடி மாதத்திலும் பச்சையாகவே நிற்கிறதே, சேர்?

பதில்: நீங்கள் படித்ததும் சரி, பார்த்ததும் சரி. மத்திய இந்தியா, மியன்மார் போன்ற இடங்களின் தேக்கங்காடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விளக்கம் நமது காட்டுக்கு அப்படியே பொருந்தாது. பாலை, வீரை, கருங்காலி முதலிய பசுமை மாறா மரங்கள் மேலோங்கிய காடு நம்முடையது. முதிரை போன்ற இலையுதிர் மரங்கள் அவற்றினிடையே கலந்து நிற்கின்றன.

மட்டக்களப்பில் ஆண்டுக்கு 1600 மில்லிமீற்றரளவு மழை பெய்தாலும், அதன் பெரும்பங்கு ஐப்பசி முதல் தை வரையில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. மிகுதி மாதங்களைக் கடத்த மரத்துக்கு இரண்டு வழிகள் உண்டு. மெல்லிய இலையைக் குறைந்த செலவில் ஆக்கி, ஈரமுள்ள காலத்தில் வேகமாக உழைக்கவைத்து, நீர் குறைந்ததும் கழற்றிவிடுவது ஒன்று. தோல்போன்று தடித்த இலையை அதிக செலவில் ஆக்கி, நீண்டகாலம் வைத்திருந்து, போட்ட முதலைச் சிறுகச் சிறுக மீட்பது மற்றது. பாலைப்பழம் வாங்கும்போது கொப்போடு வரும் இலையொன்றை எடுத்துப் பாருங்கள்: நுனி கூராக இராமல் உட்குழிந்திருக்கும், தொட்டால் விறைப்பாக இருக்கும். இத்தகைய இலையை ஒரே கோடையோடு எறிந்துவிடுவது மரத்துக்குக் கட்டுப்படியாகாது.

அதை வைத்திருப்பதற்கும் செலவு உண்டு. வறண்ட நாளின் நண்பகலில் இத்தகைய மரங்களில் வேரிலிருந்து இலைக்கு நீரைக் கொண்டுசெல்லும் காழ்க்குழாய்களுக்குள் இருக்கும் நீர் 20, 30 வளிமண்டலமளவு இழுவையில் நிற்பது அபூர்வமன்று. கார் ரயருக்குள் நாம் அடிக்கும் காற்றின் அமுக்கம் ஏறக்குறைய 2 வளிமண்டலம்தான். இழுவை எல்லை மீறினால் நீர்க்கம்பம் அறுந்து, காற்றுக்குமிழ் புகுந்து, அந்தக் குழாய் பயனற்றுப்போகும். இந்த இழுவையைத் தாங்குவதற்குச் சுவர் தடித்த, இறுகிய மரம் வேண்டும். பாலை மரக்கட்டை நீரில் இட்டதும் மூழ்கிவிடுவதை இதனோடு சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

கேள்வி (அக்கரைப்பற்று, வெல்லாவெளி, பொத்துவில்): எங்கள் வேலியிலுள்ள ஒதி வெயிலில் மொட்டையாகி, மழை வருவதற்கு முன்னரே துளிர்விடுகிறது. மழை வரப்போவது அதற்கு எப்படித் தெரியும்?

பதில்: மழை வரப்போவது அதற்குத் தெரியாது. தன் தண்டுக்குள் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதே அது அறிந்த விடயம். “ஒதி பெருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாது” என்று நம்மவர்கள் பழித்த அதே மென்மைதான் இங்கே அதற்குக் கைகொடுக்கிறது. பாரமற்ற அந்த மரத்தின் கலங்களில் நீரும் மாப்பொருளும் சேமிக்கப்பட்டிருக்கின்றன. கதியால் போடுவதற்காக வெட்டிய ஒதித் தடிகளை நிழலில் சாத்திவைத்துவிட்டு மறந்துபோனவர்கள் இதைக் கண்டிருப்பார்கள்: வேரும் இல்லை, மண்ணும் இல்லை, ஆனாலும் கணுக்களில் தளிர் எட்டிப்பார்க்கும்.

இலைகள் இருக்கும்வரை ஆவியுயிர்ப்பினால் நீர் வெளியேறிக்கொண்டே இருக்கும். இலைகள் உதிர்ந்ததும் அந்தக் கதவு மூடப்படுகிறது. ஆழமண்ணிலிருந்து வேர் உறிஞ்சும் சிறிதளவு நீரும் சேமிப்பிலுள்ள நீரும் கொண்டு தண்டு மெல்ல மெல்ல நிரம்ப, அரும்புக் கலங்களில் வீக்க அமுக்கம், அதாவது உள்ளிருக்கும் நீர் கலச்சுவரை வெளித்தள்ளும் அமுக்கம், கூடி அவை விரிகின்றன. ஆகவே இலையுதிர்வு என்பது துளிர்ப்பதற்கான முதற்படி. மொட்டையாக நிற்கிறது என்று ஒதியை வெட்டி எறிபவர்களுக்கு இதை நான் அலுக்காமல் சொல்லிவருகிறேன்.

கொஸ்தாரிக்காவின் குவானகாஸ்தே மாகாணத்துக் காடுகளில் ரொல்ஃப் போர்ச்சர்ட் என்ற ஆய்வாளர் தண்டின் நீர்ச்சேமிப்புக்கும் துளிர்ப்புக்கும் உள்ள இந்த உறவை விரிவாக ஆராய்ந்தார். சில மரங்களுக்குப் பகற்பொழுது அரை மணித்தியாலத்துக்கும் குறைவாக நீள்வதே துளிர்ப்பதற்கான சமிக்ஞையாகப் போதும் என்பதும் அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் காட்டியதே.

கேள்வி (செங்கலடி): கச்சான் காற்று வீசும் நாட்களில் மத்தியானம் வாடித் தொங்கும் இலைகள் பொழுதுபட்டதும் நிமிர்ந்துவிடுகின்றன. மத்தியானமே தண்ணீர் ஊற்ற வேண்டுமா?

பதில்: மாலையில் நிமிர்கிறதென்றால் அவசரம் இல்லை. மறுநாள் விடியற்காலையிலும் வாடியிருந்தால்தான் மண்ணில் நீர் போதவில்லை என்று கொள்ளவேண்டும்.

மலைநாட்டைக் கடக்கும்போது ஈரத்தை இழந்து, நம் பக்கம் இறங்கும்போது சூடேறி வருவதே கச்சான். வெப்பம் 30 பாகை, ஈரப்பதன் 80 வீதம் என்றிருந்த காற்று 35 பாகை, 40 வீதம் என்று மாறினால், இலையிலிருந்து நீரை இழுக்கும் அதன் வலிமை ஏறக்குறைய 4 மடங்காகும். இலைக்கு உலர்ந்த காற்றே பெரும் பகை, வெப்பம் அதற்கு அடுத்ததுதான். இந்த இழுவையை எதிர்கொள்ள, அப்சிசிக் அமிலம் என்ற தாவர ஓமோனின் தூண்டலால், இலையின் நுண்துளைகளான இலைவாய்களின் இருபுறமும் உள்ள காவற்கலங்கள் தளர்ந்து அவ்வாய்கள் மூடிக்கொள்கின்றன. ஆனால் காபனீரொட்சைட்டு உள்ளே வருவதும் அதே வாயினால்தான். அதன் ஒரு மூலக்கூறு உள்ளே வருவதற்குள் சில நூறு நீர் மூலக்கூறுகள் வெளியே போய்விடும். ஆதலால் கச்சான் நாட்களில் மரம் விடியற்காலையில் உழைத்துவிட்டு, நண்பகலில் கடையைப் பூட்டிவிடுகிறது.

கேள்வி (கல்முனை): உதிர்ந்த இலைகளை எரித்துச் சாம்பலை மரத்தடியில் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் நட்டம். இலை உதிருமுன்னரே அதன் நைதரசன், பொசுபரசு ஆகியவற்றில் பாதியளவை மரம் தண்டுக்குள் மீட்டெடுத்துவிடுகிறது. இலை மஞ்சளாவது அந்த மீட்பின் அடையாளம். எஞ்சிய நைதரசனை நீங்கள் புகையாக்கி அனுப்புகிறீர்கள்.

கேள்வி (கொக்கட்டிச்சோலை): இலையே இல்லாத கிளுவங் கதியாலின் பட்டையைச் சுரண்டினால் பச்சையாக இருக்கிறது. அது எதற்கு?

பதில்: அது பச்சையம்தான். தண்டின் கலங்கள் சுவாசித்து வெளிவிடும் காபனீரொட்சைட்டு வெளியே போய்விடாமல், மெல்லிய புறப்பட்டையினூடாக வரும் ஒளியைக் கொண்டு அங்கேயே மீண்டும் வெல்லமாக்கப்படுகிறது. இதனால் மரம் பெரிதாக வளராது, சேமிப்புக் கரைவது மட்டும் குறையும்.

கேள்வி (வாழைச்சேனை): 1978 சூறாவளியில் ஓரிலைகூட மிஞ்சாத மரங்கள் பிறகு தழைத்ததை என் தந்தையார் சொல்லுவார். அதுவும் கோடை உதிர்வும் மரத்துக்கு ஒன்றுதானா?

பதில்: ஒன்றல்ல. கோடையில் இலைக்காம்பின் அடியில் ஒட்சின் என்ற ஓமோன் குறைய, எதிலீன் என்ற மற்றொரு ஓமோனின் தூண்டலால் ஒரு மெல்லிய கலப்படை கரைந்து, காயத்தின் வாய் தக்கையால் மூடப்படும். சத்தும் அதற்கு முன்னரே மீட்கப்பட்டிருக்கும். அந்தக் கார்த்திகைப் புயல் பச்சை இலைகளை அவற்றின் முழுச் சத்தோடும் பிய்த்தெறிந்தது. மரங்கள் மீண்டும் தழைத்தது பட்டைக்கடியில் உறங்கும் அரும்புகளாலும் தண்டில் கிடந்த மாப்பொருளாலும்தான். தென்னைக்கு அப்படி உறங்கும் அரும்பு கிடையாது. இருப்பது உச்சியில் ஒரே ஒரு குருத்து, அது முறிந்தால் மரமே முடிந்தது. புயலுக்குப் பின் நம் கரையோரத் தோட்டங்கள் வெறும் தூண்களாக நின்றதை உங்கள் தந்தையாரும் சொல்லியிருப்பார்.