மாஸ்டர் ஏன் எதிர்த்துப் பேசுவதில்லை?

கேள்வி: திருப்பூரில் அறுபது பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனி நடத்துகிறேன். வாரக் கூலி பாக்கி வைத்ததில்லை; போனஸ் 12 சதவீதம் கொடுக்கிறேன். ஆனாலும் தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்களில் இருபது பேர் திரும்பி வரவில்லை. எம்.பி.ஏ. முடித்த என் மகன்தான் இப்போது உற்பத்தியைக் கவனிக்கிறான். கட்டிங் மாஸ்டருக்கும் அதனால் சுமை குறைந்துவிட்டது. முன்பெல்லாம் ‘துணி இன்னும் தளரவில்லை, நாளைக்குத்தான் வெட்டுவேன்’ என்று என்னிடமே சண்டை போடுவார். இப்போது எதற்கும் எதிர்த்துப் பேசுவதில்லை. இன்னும் என்ன கொடுத்தால் ஆட்கள் திருப்தியாக இருப்பார்கள்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்.

பதில்: கூலியை ஒழுங்காகக் கொடுப்பதற்காக உங்களைப் பாராட்டப் போவதில்லை. 8.33 சதவீத போனஸ் சட்டப்படி கொடுத்தே தீர வேண்டியது. அதற்கு மேல் நீங்கள் கொடுப்பது நல்ல காரியம், அவ்வளவுதான். மாஸ்டர் வாயை மூடிக்கொண்டதை நல்ல செய்தியைப் போல எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது.

பின்னல் துணியை ரோலிலிருந்து பிரித்து, விரித்துப் போட்டு, இழுப்பு அடங்கும்வரை காத்திருக்காமல் வெட்டினால் தைத்த பிறகு அளவு சுருங்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஷிப்மென்ட் அவசரத்திலும் முதலாளியிடம் ‘நாளைக்குத்தான்’ என்று சொன்ன அந்த மனிதர், உங்கள் பெயர் கெடக் கூடாது என்பதற்காகத்தான் சண்டை போட்டார். அந்த முடிவெடுக்கும் உரிமையைப் பிடுங்கி மகனிடம் கொடுத்துவிட்டு, சுமை குறைந்துவிட்டது என்கிறீர்கள்.

அமெரிக்க உளவியலாளர் ஃபிரெட்ரிக் ஹெர்ஸ்பெர்க், பிட்ஸ்பர்க் பகுதியில் ஏறத்தாழ 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு, வேலையில் எப்போது மனம் நிறைந்தது, எப்போது வெறுத்துப்போனது என்று விசாரித்து, 1959-இல் முடிவுகளை வெளியிட்டார். சம்பளமும் நிர்வாக முறையும் மேற்பார்வையும் சரியில்லாதபோது மனக்குறை வருகிறது. அவை சரியானால் குறை தீருமே தவிர, நிறைவு அதனால் மட்டும் வந்துவிடாது. ஒன்றைச் செய்து முடித்த பெருமையும், அதைப் பிறர் மதிப்பதும், நம்பி ஒப்படைத்த பொறுப்பும்தான் நிறைவைத் தருகின்றன என்பது அவர் கண்டது. குறைந்த கூலி கொடுக்கிறவர்கள் இதைச் சாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் முதல் பாதியைச் செய்துவிட்டு, இரண்டாவது பாதியை உங்கள் கையாலேயே கெடுத்திருக்கிறீர்கள். ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கண் இல்லையா? மாஸ்டருக்கே இந்தக் கதி என்றால் நமக்கு என்ன மதிப்பு என்று அவர்கள் யோசிக்க மாட்டார்களா?

மகனைத் தொழிலுக்குக் கொண்டுவருவது தகப்பனின் கடமை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தொழிலைக் கற்றுக்கொடுக்காமல் நாற்காலியை மட்டும் கொடுப்பது அந்தப் பிள்ளைக்கும் செய்யும் துரோகம். நாளைக்கே மகனை அழைத்துக்கொண்டு கட்டிங் மேசைக்குப் போங்கள். துணியை எப்போது வெட்டுவது என்பது மாஸ்டர் முடிவு என்று எல்லோர் காதிலும் விழும்படி நீங்களே சொல்லுங்கள். ஒரு வருடம் அவருக்குக் கீழே உங்கள் மகன் துணி விரிக்கட்டும். மாஸ்டர் மறுபடியும் உங்களோடு சண்டை போடத் தொடங்கிய பிறகு, திரும்பி வராத இருபது பேருக்கும் நீங்களே போன் செய்து பேசுங்கள்.